உடம்பு சரியில்லாதவர் இருக்கும் வீட்டில் மாடித்தோட்டம்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தோட்டம் போட்டிருக்கிறோம். எனக்கு முடக்குவாதம், அதாவது மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் நோய். அத்தைக்கு நெடுநாள் சர்க்கரை, கால் மரத்துப்போகும். கணவரின் சித்தப்பா டயாலிசிஸில் இருக்கிறார், எங்களோடுதான் சாப்பாடு. ஆஸ்பத்திரி வரிசையில், சொந்தக்காரர் கல்யாணத்தில், தெருவில் என்று எங்கே போனாலும் இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள், அதனால் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மருந்து பற்றி நான் சொல்வதெல்லாம் நீங்கள் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியதை நினைவுபடுத்தத்தான்.

உடம்பே சரியில்ல, இதுல தோட்டம் எதுக்கு?

தோட்டம் போட்டால் நோய் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போகாது. ஆனால் மூட்டை அசைக்க ஒரு காரணம் கிடைக்கிறது, காலையில் பறித்த கீரை மதியம் தட்டுக்கு வருகிறது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தீராத நோய் இருக்கும் வீட்டில் பேச்சே மாத்திரை போட்டாயா, டெஸ்ட் எடுத்தாயா, அடுத்த தேதி எப்போ என்று சுருங்கிப்போகும். எங்கள் அத்தை இப்போது கண் விழித்ததும் கேட்பது பீர்க்கங்கொடியில் பிஞ்சு விட்டிருக்கிறதா என்பதைத்தான். சர்க்கரை அளவெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எத்தனை தொட்டியோட ஆரம்பிக்கலாம்?

உங்கள் மோசமான நாளில் எத்தனை தொட்டியைப் பார்த்துக்கொள்ள முடியுமோ அத்தனை. நோயாளிகள் வீட்டுத் தோட்டம் பாதியில் நின்றுபோவதற்கு நான் பார்த்தவரை ஒரே காரணம்தான்: வலி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் முப்பது செடி வளர்ப்புப் பை வாங்கிவிடுவது. அடுத்த வாரமே கை வீங்கிப் படுத்தால் முப்பதும் காயும், காய்ந்ததைப் பார்த்து மனசும் காயும். ஐந்து ஆறு பையில் தொடங்குங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடை இரண்டையும் அது தாண்டட்டும், அப்புறம் கூட்டலாம்.

நல்ல நாளில் கூடுதலாக வேலை செய்யத் தோன்றும், செய்யுங்கள், ஆனால் அந்த நாளில் புதுச்செடி வைக்காதீர்கள். பழைய மண்ணைக் கிளறுவது, பந்தலுக்குக் கயிறு கட்டுவது என்று ஒரு தடவையோடு முடிகிற வேலையைச் செய்யுங்கள். ஒவ்வொரு புதுச்செடியும் இனி தினமும் உங்களிடம் தண்ணீர் கேட்கும்.

மாடி ஏறவே முடியலக்கா, எங்க வீட்டுப் படி செங்குத்தா இருக்கும். நான் என்ன பண்றது?

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் படி அப்படித்தான், கைப்பிடிகூட ஒரு பக்கம்தான் இருக்கும். மூட்டு மோசமாக இருந்தால் மாடியை விட்டுவிடுங்கள். நாலு மணி நேரம் வெயில் படும் வாசல் திட்டு, ஜன்னல் கம்பி, பால்கனி எதுவானாலும் கீரைக்கும் புதினாவுக்கும் கறிவேப்பிலைக்கும் போதும். ஆறு மணி நேரத்துக்கு மேல் வெயில் வேண்டியது தக்காளி, கத்தரி, வெண்டை மாதிரிக் காய்ச்செடிகளுக்குத்தான்.

ஏற முடியும் ஆனால் ஒரு தடவைதான் என்றால், கையில் எதையும் தூக்கிக்கொண்டு ஏறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாவற்றையும் மூடி போட்ட டிரம் ஒன்றில் மாடியிலேயே வைத்துவிடலாம். பறித்த காயைப் பையில் போட்டுக் கயிற்றில் கீழே இறக்கலாம், எங்கள் வீட்டில் அப்படித்தான் இறங்குகிறது. போன் மட்டும் உங்களோடு வரட்டும், மாடியில் தலை சுற்றினால் கூப்பிட வேண்டும்.

மண் எங்க வாங்கறது? தெருவோரம் கிடக்கிற மண்ணை அள்ளிப் போட்டா ஆகாதா?

வேண்டாம். எண்ணூர், மணலி, கொடுங்கையூர், வியாசர்பாடி சுற்றுவட்டாரத்தில் பல காலமாகத் தொழிற்சாலைகள், சாம்பல், குப்பைமேடு எல்லாம் இருக்கின்றன. அந்த மண்ணில் ஈயம் போன்ற உலோகம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் போகாது, கீரைக்குள்ளேயே ஏறிவிடும். மாதவரம், புழல் பக்கத்து நர்சரிகளில் செம்மண்ணும் மண்புழு உரமும் மூட்டையாகக் கிடைக்கும். மாதவரத்தில் தோட்டக்கலைத் துறையின் பூங்காவே இருக்கிறது. மானிய விலையில் மாடித்தோட்டக் கிட்டும் அந்தத் துறை அவ்வப்போது கொடுக்கும், விசாரித்துப் பாருங்கள்.

மூட்டு நோயாளிக்குக் கலவை லேசாக இருக்க வேண்டும். நான் பாதி தேங்காய் நார்த்தூள், மீதிப் பாதியில் செம்மண்ணும் மண்புழு உரமும் சமமாக, மேலே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடுகிறேன். நார்த்தூளில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றி வடித்துவிட்டுக் கலக்குங்கள். இன்னொன்று, நம் பக்கம் பாதியாக அறுத்த நீல டிரம் மலிவாகக் கிடைக்கும், முருங்கைக்கு எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். உள்ளே முன்னால் என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாவிட்டால், கெமிக்கல் வாசனை கொஞ்சம் இருந்தாலும், சாப்பிடும் செடிக்கு அது வேண்டாம்.

ஹவுஸ் ஓனர் ஒழுகும்னு சண்டைக்கு வர்றார். என்ன சொல்லட்டும்?

அவர் பயம் நியாயமானது. பையைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேலோ ஸ்டாண்டு மேலோ வைத்தால் அடியில் காற்றுப் போகும், ஈரம் தேங்காது. கனமான தொட்டிகளை மாடி நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக வரிசையாக வையுங்கள். மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைக்காமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். முதல் கீரைக்கட்டு அவர் வீட்டுக்குப் போகட்டும்.

போர் தண்ணி உப்பு. லாரித் தண்ணி குடிக்கவே பத்தல. செடிக்கு எதை ஊத்தறது?

இதைக் கேட்காதவர்களே கிடையாது. நம் பக்கம் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. மீஞ்சூர் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2019 கோடையில் புழல் ஏரியே வறண்டபோது நாங்கள் பாதித் தோட்டத்தைக் கைவிட்டு மீதியைக் காப்பாற்றினோம், வேறு வழி இல்லை.

உப்புத் தண்ணீர் பட்ட செடி இலை ஓரம் கருகும், மண் மேல் வெள்ளையாகப் படியும். அப்போது கையில் கிடைக்கிற எல்லா நல்ல தண்ணீரையும் சேருங்கள். அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர் நேராக ஊற்றலாம். ஏசியில் சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது, அதைப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் உப்புப் பாதியாகும். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில், உள்ளே போனதைவிட உப்பு அதிகம். போர் தண்ணீரிலிருந்து வந்ததென்றால் பாத்ரூம் கழுவ மட்டும் வையுங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது நல்ல தண்ணீரை அடியில் வழியும்வரை ஊற்றினால் தங்கிய உப்பு கொஞ்சம் இறங்கும், மழைக்காலம் அந்த வேலையைத் தானே செய்துவிடும். அவரை, பீன்ஸ் வகை உப்பைத் தாங்காது, முளைக்கீரை, தண்டுக்கீரை ஓரளவு தாங்கும்.

வழிந்த தண்ணீர் தட்டில் தேங்கக்கூடாது. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரம் போதும் அதற்கு. தட்டை எடுத்துவிட்டாலே அந்தக் கவலை இல்லை.

காலைல கை மடங்கவே மடங்காது. செடிக்குக் காலைலதானே தண்ணி ஊத்தணும்?

முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் இருக்கும், அந்த நேரத்தில் பக்கெட்டைத் தூக்கினால் மிச்ச நாளும் போச்சு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஊற்றுங்கள். இலை மேல் தெளிக்காமல் அடியில் ஊற்றினால் பூஞ்சைத் தொல்லை குறையும். கத்திரி வெயிலில் மட்டும் இரண்டு வேளை வேண்டியிருக்கும், காலை வேளையை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும்.

குடத்தை மறந்துவிடுங்கள். பதினைந்து லிட்டர் என்றால் பதினைந்து கிலோ. மாடித் தொட்டியிலிருந்து ஒரு டியூப் இழுத்துவிட்டால் கை தப்பிக்கும். குழாய் இறுக்கமாக இருந்தால் திருகுகிற மாதிரி வைக்காமல் நெம்புகிற மாதிரி நீளக் கைப்பிடி வால்வாக மாற்றச் சொல்லுங்கள், உள்ளங்கையால் தள்ளினாலே திறக்கும். களைக்கொத்தியின் பிடி மெல்லியதாக இருக்கும், அதைச் சுற்றி பழைய சைக்கிள் டியூபைக் கனமாகச் சுற்றிக் கட்டினால் விரல் முழுசாக மடங்காமலேயே பிடிக்கலாம். கீரையைக் கட்டைவிரலால் கிள்ளுவது எனக்கு முடியாது, ஸ்பிரிங் வைத்த கத்தரிக்கோலை முழு உள்ளங்கையில் வைத்து அமுக்குகிறேன். காய்ப் பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டுங்கள். பைகளை பெஞ்சு மேல் ஏற்றி, நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.

அலைச்சல் கம்மியா இருக்கணும். என்ன செடி வைக்கட்டும்?

ஒரு தடவை வைத்தால் பல மாதம் இருப்பதை முதலில் வையுங்கள்: கறிவேப்பிலை, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை, கற்பூரவல்லி, தூதுவளை, இடம் இருந்தால் டிரம்மில் முருங்கை. இவை நாலு நாள் கவனிக்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. அப்புறம் முளைக்கீரை, சிறுகீரை. தூவி மூன்று நாலு வாரத்தில் அறுக்கலாம், அறுத்ததும் அந்தப் பை காலி, உடம்பு முடியாத மாதம் என்றால் சும்மா கிடக்கட்டும்.

காய்களில் வெண்டையும் கொத்தவரையும் நம் வெயிலுக்கு ஏற்றவை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும், அவரையும் புடலையும் பீர்க்கும் அப்போது போட்டால் நன்றாக வரும். தக்காளிக்குக் கம்பு கட்ட வேண்டும், பூச்சி பார்க்க வேண்டும், கோடையில் பூ கொட்டும். முதல் வருஷம் விட்டுவிடலாம் என்பது என் கருத்து. மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் இலை அடியில் அடியுங்கள்.

இலை மேல கறுப்பா படியுது. இந்தக் கீரையைச் சாப்பிடலாமா?

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்து நம் மாடிகளில் கரித்தூசி படியத்தான் செய்கிறது, துணி காயப்போடும் எல்லோருக்கும் தெரியும். மேலே படிந்ததைக் கழுவலாம்: அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டு, கீரையை முக்கி அலசி, தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி. தண்ணீர் தெளியும்வரை. மண்ணில் இருப்பதுதான் கழுவினால் போகாதது, அதனால்தான் மேலே மண் கேள்வியில் அத்தனை சொன்னேன்.

சாலை ஓரம், லாரி போகும் பக்கம் பார்த்த மாடி என்றால் அந்தப் பக்கம் காயும் கொடியும் வைத்துத் திரை மாதிரி விடுங்கள், கீரையை உள்பக்கம் வையுங்கள். புகை மூட்டமாகவோ வாயு நெடியாகவோ இருக்கும் நாளில் மாடிக்கே போக வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் வேண்டாம்.

காசிமேட்டுல மீன் கழிவு சும்மாவே தர்றாங்க. அதைப் போடலாமா?

பச்சையாக மண்ணில் புதைத்தால் பூனை, எலி, ஈ மூன்றும் வரும், அதோடு ஓனரும் வருவார். மீன் அமிலமாகச் செய்யலாம். கழிவும் வெல்லமும் சம எடை, மூடி போட்ட டப்பாவில் மூன்று நாலு வாரம் வைத்தால் தேன் பதத்தில் வடியும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 முதல் 5 மில்லி போதும்.

ஆனால் சர்க்கரைக்காரரோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவரோ இதைச் செய்யக்கூடாது. மீன் முள் குத்திய புண் அவர்களுக்கு எளிதில் ஆறாது. எங்கள் வீட்டில் என் மகன் செய்கிறான், நான் தள்ளி நின்று அளவு சொல்வதோடு சரி.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடறேன். மண்ணைத் தொடலாமா?

என் டாக்டரிடம் கேட்டேன், கவனமாகத் தொடலாம் என்றார். உங்கள் டாக்டரிடம் நீங்களும் கேளுங்கள், ஊசி மருந்து சேர்ந்திருந்தால் பதில் மாறலாம். இந்த மாத்திரை மூட்டைத் தாக்கும் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கிறது, அதனால் வெளியிலிருந்து வரும் கிருமியை எதிர்ப்பதும் குறையும். மண்ணிலும் மட்கிலும் கிருமி உண்டு. மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். மெலியாய்டோசிஸ் என்று மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருந்து வரும் ஒரு தொற்று தென்னிந்தியாவில் உண்டு, சர்க்கரை உள்ளவர்களைத்தான் அது அதிகம் தாக்கும்.

கையில் வெட்டோ புண்ணோ இருந்தால் அது ஆறும்வரை மண் வேலை இல்லை. பாத்திரம் கழுவும் தடித்த ரப்பர் கையுறை ஒரு அளவு பெரிதாக வாங்கினால் வீங்கிய விரலுக்கும் நுழையும். உர மூட்டையைப் பிரிக்கும்போது மாஸ்க் போட்டு, முதலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கிளறுங்கள், தூள் பறக்காது. டிடி ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று பாருங்கள். காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் டாக்டரிடம் போய், என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், மண்ணில் வேலை செய்தேன் என்ற இரண்டையும் சொல்லுங்கள். இன்னொரு விஷயம், இதற்கு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் சொல்கிறேன்: மூட்டுவாதத்துக்கு இது வாரத்தில் ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை இருக்கு. வெறுங்காலோட மண்ல நடந்தா நல்லதுன்னு சொல்றாங்களே?

சர்க்கரைக்காரருக்குச் சொல்லாதீர்கள். மரத்துப்போன காலுக்கு முள் குத்தியதும் தெரியாது, மதிய மொட்டை மாடி சுடுவதும் தெரியாது. கொப்புளம் வந்து, அது புண்ணாகி, சீழ் வைத்த பிறகுதான் பார்ப்பார்கள். அத்தைக்கு மாடிக்கென்றே ஒரு எம்சிஆர் செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) படிக்கட்டு மேலேயே கிடக்கும். இரவு படுக்கும் முன் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் நாங்கள் யாராவது ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவோம்.

இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் மாடிக்குப் போகக்கூடாது. குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் சர்க்கரை இறங்கும். கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். சாமான் டிரம்மில் ஒரு சின்ன டப்பா சர்க்கரையும் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கட்டும்.

முடக்கத்தான் கீரை சாப்பிட்டா மாத்திரையையே விட்டுடலாமாமே?

என் மாடிச் சுவரில் முடக்கத்தான் கொடியாகப் படர்ந்திருக்கிறது, வாரம் ஒரு நாள் தோசைக்கு அரைக்கிறேன், ருசியாக இருக்கும். மாத்திரையை நிறுத்தவில்லை, நிறுத்த மாட்டேன். முடக்குவாதத்தில் வலி இல்லாவிட்டாலும் உள்ளே எலும்பு அரிக்கலாம், அரித்தது திரும்பி வளராது. கீரையை நம்பி மருந்தை விட்டு, விரல் கோணி, பட்டன் போட முடியாமல் மறுபடி வரிசைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனையில் மூட்டுவாதத்துக்குத் தனித் துறையே உண்டு, தள்ளிப்போடாமல் போய்விடுங்கள்.

சர்க்கரைக்குப் பாகற்காய்ச் சாறு, இன்சுலின் செடி இலை என்பதும் இதே மாதிரிதான். கூட்டு, பொரியலாகச் சாப்பிடுவது சாப்பாடு. மாத்திரையோடு சேர்த்துச் சாறாகக் குடித்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கவும் கூடும், டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கப் போவதே சிரமம் என்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், பிசியோதெரபியும் அதில் உண்டு. ஏரியா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

வீட்ல டயாலிசிஸ்ல ஒருத்தர் இருக்கார். நம்ம தோட்டத்துக் கீரைதானே, எவ்வளவு வேணா கொடுக்கலாமா?

கொடுக்கக்கூடாது. மருந்து அடிக்காத கீரையிலும் பொட்டாசியம் இருக்கும். கிட்னி வேலை செய்யாதபோது அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். கீரை, முருங்கை இலை, தக்காளி, வாழைப்பழம், இளநீர் எல்லாமே அளவு பார்த்துத்தான். நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் ஓரளவு குறையும், எவ்வளவு சாப்பிடலாம் என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டயட்டீஷியன்தான் சொல்ல வேண்டும். நட்சத்திரப் பழம் மட்டும் ஒரு துண்டுகூடக் கூடாது, கிட்னி பாதித்தவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் விஷம். எங்கள் வீட்டில் சித்தப்பாவுக்காகச் சுரையும் புடலையும் கூடுதலாகப் போடுகிறோம், அவருக்குக் கொடுக்கலாம் என்று டயட்டீஷியன் சொன்ன காய்கள் அவை.

அவர் தோட்ட வேலை செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்தது) போட்ட கையில் கனம் தூக்கக்கூடாது, முள் கீறக்கூடாது. வெயிலில் நின்றால் தாகம் எடுக்கும், அவருக்குத் தண்ணீர் அளவு உண்டு, அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான். சித்தப்பா நாற்காலியில் உட்கார்ந்து விதை பிரித்துக் காகிதப் பொட்டலம் கட்டி மேலே மாதம் எழுதுவார். டயாலிசிஸ் முடிந்த நாளில் எதுவும் செய்ய மாட்டார்.

நான் படுத்துட்டா யார் பார்ப்பாங்க? வீட்ல ஒருத்தரும் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்கறாங்க.

கேட்பவர்கள் எல்லோரும் பெண்கள், இதைக் கேட்கும்போது அவர்கள் குரல் இறங்கிவிடும். வீட்டு வேலை, நோய், தோட்டம் மூன்றும் ஒரே ஆள் தலையில் இருந்தால் தோட்டம்தான் முதலில் போகும், அதனால் தொடங்கும்போதே பங்கு போடுங்கள். "கொஞ்சம் பார்த்துக்கோ" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். "செவ்வாய், வெள்ளி சாயங்காலம் தண்ணீர் உன் வேலை, டியூபைத் திறந்து ஒவ்வொரு பைக்கும் இருபது எண்ணும்வரை" என்று சொன்னால் செய்வார்கள். என் கணவருக்கு எது களை, எது செடி என்று தெரியாது, ஆனால் மூட்டை தூக்குவதும் பந்தல் கட்டுவதும் அவர் பொறுப்பு, அதில் நான் குறுக்கிடுவதில்லை. அவர் கட்டும் முடிச்சு எனக்குப் பிடிக்காது, பந்தல் நிற்கிறதா, அது போதும்.

யாருமே இல்லை என்றால் பைகளை நெருக்கி ஒன்றாக வைத்து, மண் மேல் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ மூடி, பக்கெட் தண்ணீரிலிருந்து பழைய பருத்தித் துணித் திரியை மண்ணுக்குள் விட்டால் சில நாள் ஈரம் ஏறிக்கொண்டிருக்கும். அப்படியும் சில செடி செத்தால் சாகட்டும். என்ன செடி வைப்பது என்ற கேள்வியில் சொன்ன கறிவேப்பிலையும் பொன்னாங்கண்ணியும் பிழைத்துக்கொள்ளும்.

புயல் வந்தா?

ஐப்பசிக்கு முன்பே கொடியைக் கவாத்து செய்து, பந்தல் கயிற்றைச் சோதித்துவிடுங்கள். எச்சரிக்கை வந்ததும் வீட்டில் திடமாக இருப்பவர் பைகளைச் சுவர் ஓரம் தரையில் இறக்கிவைக்கட்டும், நிழல்வலையைக் கழற்றிவிடட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சமயத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில் செடியை நினைக்காதீர்கள், ஒரு வாரத்துக்கு மாத்திரை, இன்சுலின் கையிருப்பில் இருக்கிறதா, டயாலிசிஸுக்கு எந்த வழியாகப் போவது என்று பாருங்கள். எண்ணூர்ப் பக்கம் அப்போது வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது, அந்தத் தண்ணீர் ஏறிய தொட்டி மண்ணைக் கொட்டிவிட்டுப் புது மண் போடுவதுதான் சரி.

டாக்டர் செடி வேலையே கூடாதுன்னுட்டார். அப்ப அவ்வளவுதானா?

எது கூடாது என்று திருப்பிக் கேளுங்கள். கனம் தூக்குவதா, மண்ணா, வெயிலா, படி ஏறுவதா? வரிசையில் நமக்கு முன்னும் பின்னும் ஐம்பது பேர் நிற்கும்போது அவரும் ஒரே வார்த்தையில்தான் சொல்வார். கேள்வியை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால் பதிலும் தெளிவாக வரும். லூபஸ் (எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் ஒரு நோய்) உள்ளவருக்கு வெயில் கூடாது, அவர் பொழுது சாய்ந்து போகலாம். இடுப்பு ஆபரேஷன் ஆனவருக்குக் குனிவது கூடாது, அவருக்கு உயரப் பெஞ்சு போதும். ஆனால் கிட்னி மாற்றியவர்கள், கீமோ எடுப்பவர்கள் விஷயத்தில் மண்ணே கூடாது என்று சொல்லியிருந்தால் அதில் பேரம் இல்லை, அவர் சொல்லும் மாதம் வரை தொடக்கூடாது. அதுவரை எந்தப் பையில் எதை எப்போது போடுவது என்று முடிவு செய்வது அவர் வேலை, மண்ணில் கை வைப்பது வீட்டில் மற்றவர்கள் வேலை.